கற்றல் குறைபாட்டுச் சோதனைகளும் மொழிபெயர்ப்பும்

மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கூறியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை 21 ஆக விரித்து, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகளுக்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குச் சோதனை வேண்டும். அச்சோதனையின் மொழியமைப்பே ஈண்டு ஆராயத்தக்கது.

ஆங்கிலச் சோதனையைத் தமிழில் பெயர்த்தமைத்தல் போதாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிப்புக்கும் உள்ள முரண் பேரிடர். எனவே முறைபிறழ்ந்த எழுத்தமைப்புடைய சொற்களை வாசிக்கச் செய்தல் அங்குப் பயன்தரும். தமிழின் இடர்கள் வேறு. 'கொ' என்பதில் உயிரொலி மெய்க்குப் பின் ஒலிக்க, அதன் குறியோ மெய்யின் இருபுறமும் நிற்கிறது. 'கடல்', 'தங்கம்', 'அகம்' ஆகியவற்றில் 'க' மூவகையாக ஒலிக்கிறது.

இரட்டை வழக்கு மற்றொரு சிக்கலாகும். 'வீட்டில்' என்பதை 'வீட்டுல' என்றும், 'பழம்' என்பதைப் 'பளம்' என்றும் எழுதும் மாணவன் தன் பேச்சையே எழுதுகிறான். அதனை மட்டும் கொண்டு குறைபாடு எனல் பொருந்தாது. போதிய பயிற்சிக்குப் பின்னரும் 'தெ', 'தே' என்பவற்றைப் பிரித்தறிய இயலாமையும், எழுத்துகளை இடமாற்றி எழுதுதலும் நீடிப்பின், அவை கருதத்தக்கன. இவ்வேறுபாட்டை உணராத சோதனை, குறையற்ற குழந்தைக்கு முத்திரை குத்தும். உதவி வேண்டும் குழந்தையைச் சோம்பேறி எனத் தள்ளும்.

மானேசரிலுள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'டாலி' இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றிற்குத் தனித்தனியே சோதனைகளை அமைத்தது. அந்நெறியே தக்கது. சொற்பட்டியலைத் தேர்வதிலும் பிழைகளை வகைப்படுத்துவதிலும் வட்டார வழக்கறிந்த மொழியியலாளர் பங்குகொள்ளுதல் வேண்டும். இத்தகைய சோதனை மொழிபெயர்க்கப்படுவதன்று, மொழியினுள்ளிருந்து ஆக்கப்படுவது.