வீட்டு மீடியா சர்வர் எப்படி இயங்குகிறது? குழம்பு நம்முடையது, வாசல் யாருடையது?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நைட் ஷிஃப்ட் போகிறவர் வீட்டு அடுப்படியைச் சாயங்காலம் பாருங்கள். வைப்பது ஒரே குழம்புதான். வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படியே தட்டில் விழும். பாட்டிக்குச் சோற்றோடு குழையப் பிசைந்து தர வேண்டும். ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு டிபன் கேரியரில் கட்ட வேண்டும். வீட்டு மீடியா சர்வர் செய்வதும் இதே வேலைதான். அது விளங்கிவிட்டால், 2025-இல் பிளெக்ஸ் என்ற மீடியா சர்வர் மென்பொருள் கொண்டுவந்த மாற்றம் ஏன் அத்தனை பேரைக் கோபப்படுத்தியது என்பதும் விளங்கும்.

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையை நினைக்க வேண்டாம். பழைய லேப்டாப் போதும். உள்ளங்கை அகல மினி பிசி இன்னும் நல்லது. அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க். ஹேண்டிகேம் கேசட்டிலிருந்து மாற்றிய காதுகுத்து, ஸ்டூடியோக்காரர் கொடுத்த கல்யாண டிவிடி, காசு கொடுத்து வாங்கிய பட டிஸ்க்குகள் எல்லாம் அதில் இருக்கும். டிஸ்க்தான் மளிகை அலமாரி. பிளெக்ஸ், எம்பீ, ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள் சமைத்துப் பரிமாறுகிறவர். டிவியும் மொபைலும் தட்டு.

முதல் வேலை, டப்பாவுக்குப் பெயர் ஒட்டுவது. ஃபைலின் பெயரைப் படித்து, இணையத்தில் உள்ள பட விவரப் பட்டியலிலிருந்து போஸ்டரையும் நடிகர் பெயர்களையும் மென்பொருள் எடுத்து வரும். வெறும் ‘பில்லா’ என்று வைத்தால் 1980-இல் வந்த ரஜினி படமா, 2007-இல் வந்த அஜித் படமா என்று அதற்குத் தெரியாது. பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். கல்யாண வீடியோவைப் படங்களோடு கலக்காமல் தனி ஃபோல்டரில் வையுங்கள். இல்லாவிட்டால் அத்தை கல்யாணத்துக்கு யாரோ ஒரு ஆங்கில நடிகரின் போஸ்டர் வந்து உட்காரும்.

இரண்டாவது, பரிமாறுவது. எல்லாச் சிக்கலும் இங்கேதான். ஃபைலில் உள்ள வீடியோவை டிவி நேரடியாகப் படிக்க முடிந்தால், கரண்டியில் அள்ளித் தட்டில் விடுகிற கதை. பிராசசருக்கு வேலையே இல்லை. வீடியோ சரி, அதைச் சுற்றியுள்ள எம்.கே.வி. உறைதான் டிவிக்குப் பழக்கமில்லை என்றால், சட்டியிலிருந்து கிண்ணத்துக்கு மாற்றினால் போதும். வீடியோவே டிவிக்குப் புரியாத வகையாக இருந்தால்தான் தொல்லை. 2013-இல் வந்த எச்.இ.வி.சி. வகையைப் பழைய டிவிகள் படிப்பதில்லை. அப்போது ஒவ்வொரு ஃபிரேமையும் பிரித்து, மறுபடி அரைத்துக் கொடுக்க வேண்டும். இதைத்தான் டிரான்ஸ்கோடிங் என்கிறார்கள்.

வெறும் பிராசசரை வைத்து இதைச் செய்வது அம்மியில் அரைப்பது. இன்டெல் 2011-இல் கொண்டுவந்த குயிக் சின்க் மிக்ஸி. இன்றைய மினி பிசிகளில் இருக்கும் என்100 சிப்பிலும் அந்த மிக்ஸி உண்டு. பிளெக்ஸில் அதை ஓடவிடச் சந்தா கட்ட வேண்டும். ஜெல்லிஃபினில் இலவசம்.

படம் திக்கினால் உடனே இன்டர்நெட் கம்பெனியைத் திட்டாதீர்கள். ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் தகவல் பொத்தானை அழுத்துங்கள். டிரான்ஸ்கோடிங் நடக்கிறதா, எதனால் நடக்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கும். பல நேரம் குற்றவாளி சப்டைட்டில். ப்ளூரே டிஸ்க்கில் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாக இருக்கும். அதைக் காட்டத் தெரியாத டிவிக்காக, விநாடிக்கு வரும் 24 ஃபிரேமிலும் சர்வரே வரைந்து தர வேண்டியிருக்கும். சப்டைட்டிலை அணைத்துப் பாருங்கள். திக்கல் நின்றால் காரணம் அதுதான்.

மூன்றாவது, கேரியர். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கலில் வருகிறவர், மீஞ்சூர் தாண்டியதும் வீட்டில் உள்ள படத்தை மொபைலில் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 8 மெகாபிட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி. நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டவருக்கு இது கட்டுப்படியாகாது. வீட்டுச் சர்வரே அதை 2 மெகாபிட்டுக்குச் சுருக்கி அனுப்பினால் மணிக்கு 0.9 ஜிபியோடு முடியும். டிரான்ஸ்கோடிங்கின் உண்மையான அருமை ரயிலில்தான் தெரியும்.

பிளெக்ஸில் இந்தக் கேரியர் வெளியே போக, அந்த நிறுவனத்தின் கணக்கு வழியாக நுழைய வேண்டும். உங்கள் வீட்டுச் சர்வர் எங்கே இருக்கிறது என்று மொபைலுக்குச் சொல்வது அதன் கணினி. படமோ பெரும்பாலும் வீட்டிலிருந்து நேராகவே மொபைலுக்குப் போகிறது. அரிசி, அடுப்பு, கரண்ட் பில், இணைப்பு எல்லாம் உங்களுடையவை. வாசல் பதிவேடு மட்டும் அவர்களுடையது. 2025 ஏப்ரல் 29 முதல் அந்த வாசலில் கட்டணம் வந்தது. வெளியிலிருந்து பார்க்க, சர்வர் வைத்திருப்பவரிடம் பிளெக்ஸ் பாஸ் என்ற சந்தா இருக்க வேண்டும், அல்லது பார்ப்பவர் மாதம் 1.99 டாலர் கட்ட வேண்டும் என்றானது. பாஸ் விலையும் ஏறியது: ஆண்டுக்கு 39.99 டாலராக இருந்தது 69.99 ஆனது, ஆயுள் சந்தா 119.99-லிருந்து 249.99.

மென்பொருள் எழுதுகிறவருக்குச் சம்பளம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. இலவசம் என்று நம்பி ஒரு குடும்பமே பழகிய பிறகு, பழகிய அந்த வசதிக்கே பூட்டுப் போட்டதுதான் தப்பு. பிளெக்ஸே எக்ஸ்.பி.எம்.சி. என்ற திறந்த மூல மென்பொருளிலிருந்து கிளைத்து வளர்ந்தது என்பது கோபத்தை இன்னும் கூட்டுகிறது. அந்த எக்ஸ்.பி.எம்.சி.தான் 2014-இல் கோடி என்று பெயர் மாறியது.

எம்பீயிலும் இதே கதை நடந்தது. 2018 டிசம்பரில் அது தன் மூலநிரலை மூடியது. அதுவரை வெளியாகியிருந்த நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் ஆரம்பித்ததுதான் ஜெல்லிஃபின். ஜி.பி.எல். என்ற திறந்த மூல உரிமம் இருப்பதால், வெளியே வந்துவிட்ட அந்தச் சமையல் குறிப்பை யாரும் திரும்பப் பூட்ட முடியாது. என் ஓட்டு ஜெல்லிஃபினுக்குத்தான்.

ஆனால் இங்கே வாசலை நாமே கட்ட வேண்டும். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான் இருக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்காது. அதற்காக, கருவிகளைத் தனி வழியில் இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளை மினி பிசியிலும் மொபைலிலும் போட்டுக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு இலவசம். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து சர்வரை அப்படியே வெளியுலகத்துக்குக் காட்டிவிடாதீர்கள். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், மாற்று எழுத்துரு அமைப்பில் நோட்டோ சான்ஸ் தமிழைச் சேர்த்துப் பாருங்கள். திடீரென்று கரண்ட் போனால் ஹார்ட் டிஸ்க்குக்கு ஆகாது. சர்வரையும் ரவுட்டரையும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள்.

மாறுவதற்கு முன் பிளெக்ஸை அழிக்க வேண்டியதில்லை. அதே ஃபோல்டரை ஜெல்லிஃபினுக்கும் காட்டி, இரண்டையும் கொஞ்ச நாள் சேர்த்தே ஓடவிடலாம். எதுவரை பார்த்தோம் என்ற கணக்கு மட்டும் தானாக வந்து சேராது. வீட்டில் யாராவது சீரியலைப் பாதியில் விட்டிருந்தால், எந்த எபிசோட் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.