பத்தாண்டு லாபம், ஒரே ஆண்டுக் கணக்கு

பிரிட்டனில் பிள்ளை வளர்ப்போருக்கு அரசு தரும் உதவித்தொகை சைல்ட் பெனிஃபிட். 2025-26 வரியாண்டில் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண்டு, அடுத்த பிள்ளைகளுக்குத் தலா 17.25 பவுண்டு. ஆனால் தம்பதியில் ஒருவரின் ஆண்டு வருமானம் 60,000 பவுண்டைத் தாண்டினால், கூடுதலாக வரும் ஒவ்வொரு 200 பவுண்டுக்கும் உதவித்தொகையில் 1 சதவீதத்தை வரியாகத் திருப்பிக் கட்ட வேண்டும். 80,000 பவுண்டு ஆனால் முழுத்தொகையும் போய்விடும்.

இந்த வருமானத்தில் சம்பளத்தோடு வங்கி வட்டி, டிவிடெண்ட், வாடகையும் சேரும். வரிவிலக்கு வரம்புக்குள் அடங்கும் வட்டிகூடத் தப்பாது. பங்கு விற்ற மூலதன ஆதாயமும் ஐசா எனும் வரியில்லாச் சேமிப்பின் லாபமும் சேராது.

பெரிய அடி விழுவது காப்பீட்டு நிறுவனங்களின் முதலீட்டு பாண்டு வைத்திருப்பவர்களுக்கு. பாண்டை முடிக்கும்போது, பல ஆண்டு லாபமும் அந்த ஓராண்டின் வருமானமாக ஏறும். வருமான வரியில், லாபத்தை ஆண்டுவாரியாகப் பகுத்துச் சுமையைக் குறைக்கும் சலுகை உண்டு. இந்த வரிக்கு அது கிடையாது. இது நியாயமான ஏற்பாடே அல்ல.

58,000 பவுண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டு பாண்டில் 12,000 பவுண்டு லாபம் வந்தால் வருமானம் 70,000 ஆகிவிடும். ஆண்டு உதவித்தொகை சுமார் 2,250 பவுண்டு. அதில் பாதி திரும்பிப் போகும்.

தடுக்க வழி இருக்கிறது. வரியாண்டு முடியும் ஏப்ரல் 5-க்குள் தனிநபர் ஓய்வூதியக் கணக்கில் 8,000 பவுண்டு கட்டினால், அரசு 2,000 பவுண்டு சேர்க்கும். வருமானக் கணக்கில் 10,000 குறைந்து, இந்த வரி முழுவதும் நீங்கும். பெரும்பாலான பாண்டுகள் பல துண்டுகளாகவே வழங்கப்படுகின்றன. ஆண்டுக்குச் சில துண்டுகளாக முடிக்கலாம். வருமானம் குறைந்த துணைவர் பெயருக்கு முன்பே மாற்றிவிட்டால் லாபம் அவருடையதாகும். ஆனால் அது பணம் வாங்காத உண்மையான அன்பளிப்பாக இருக்க வேண்டும்.

வரி வரும் என்று தெரிந்தால் அந்த வரியாண்டு முடிந்தபின் வரும் அக்டோபர் 5-க்குள் வருமான வரித்துறைக்குத் தெரிவிப்பது வரி கட்டுபவரின் பொறுப்பு. தவறினால் அபராதம் உண்டு. தக்க காரணம் இருந்தால் அதை எதிர்த்து முறையிடலாம்.

முழுத்தொகையும் போய்விடும் என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடக் கூடாது. பணம் வேண்டாம் என்று குறித்து விண்ணப்பித்தாலும், வேலைக்குப் போகாத பெற்றோருக்குக் கடைக்குட்டிக்கு 12 வயதாகும்வரை அரசு ஓய்வூதியத்துக்கான ஆண்டுகள் சேரும். அதற்கு விண்ணப்பம் அவர் பெயரிலேயே இருப்பது நல்லது.