பழைய இரும்பு (9): ஸ்பிட்ஃபயரின் அண்ணனுக்கு ஆயில் கசிகிறது

டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் 1962இல் இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் வெளிவந்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். கூரையை மடக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி. புவனகிரிப் பக்கம் அதைப் பார்த்தவர்கள் இருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் அதன் என்ஜின் சத்தத்தைக் கேட்டவர்கள் சிதம்பரம், கடலூர் வட்டாரத்தில் நிறைய உண்டு. ஒரு காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குள் இருந்தது அதே குடும்பத்து என்ஜின்தான்.

அந்தக் குடும்பத்தில் மூத்தது 1953இல் ஸ்டாண்டர்ட் எய்ட் காரில் வந்த 803 சிசி. அது 948 சிசியாக வளர்ந்து, 1959இல் மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வடிவமைத்த டிரயம்ப் ஹெரால்டில் ஏறியது. 1961இலிருந்து சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி அதையே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்தது. ஹெரால்டு 1200 மாடலுக்காக சிலிண்டர் விட்டத்தை 63 மி.மீ.யிலிருந்து 69.3 ஆகப் பெருக்கினார்கள், 1147 சிசி கிடைத்தது; அதுதான் பிறகு ஸ்பிட்ஃபயருக்கும் போனது. பிஸ்டன் ஓட்டம் மட்டும் அதே 76 மி.மீ. ஆகவே ஹெரால்டை ஸ்பிட்ஃபயரின் அண்ணன் என்று சொல்வதில் தப்பில்லை. இருவருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. நிறுத்திவைத்த இடத்தில் தரையில் ஆயில் சொட்டும்.

புவனகிரியில் விருத்தாசலம் சாலையை ஒட்டிய ஒரு கொட்டகையில் அப்படி ஒரு ஹெரால்டு நிற்கிறது. நெல் வியாபாரம் செய்த தாத்தா விட்டுப்போனது. பேரன் அதை ஓட வைத்துவிட்டார். ஆனால் என்ஜின் அடியில் கறுப்பு வட்டம் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர் அக்கம்பக்கத்து டீசல் பம்ப்செட்டுகளைப் பார்க்கும் மெக்கானிக்.

"அண்ணே, எல்லா நட்டையும் ஒரு இறுக்கு இறுக்கிட்டா நிக்காதா?"

"நிக்கும் தம்பி, ஒரு வாரம். அப்புறம் இப்ப இருக்கறத விட ரெண்டு மடங்கு ஊத்தும்."

இந்தப் பதிலில்தான் விஷயமே இருக்கிறது. சின்னக் கசிவைப் பெரிய கசிவாக்குவது பெரும்பாலும் ஸ்பேனர்தான். ஹெரால்டின் ராக்கர் கவர் மெல்லிய தகடு. மேலே இரண்டே நட்டுகள் அதைப் பிடித்திருக்கின்றன. ஓங்கி இறுக்கினால் தகடு நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும். அடியில் இருக்கும் கார்க் பேக்கிங் நசுங்கிப் பிதுங்கும். அதற்குப் பிறகு எந்தப் பேக்கிங் போட்டாலும் கசியும்.

சொட்டுகிற இடம் கசிகிற இடம் அல்ல. ஆயில் மேலே எங்கோ கிளம்பி, ஃபேன் காற்றில் பின்னால் அடிபட்டு, பிளாக்கின் ஓரமாக வழிந்து, கடைசியில் தாழ்ந்த இடத்தில் வந்து தொங்குகிறது. பெல் ஹவுசிங் அடியில் சொட்டினால் கிராங்க் பின்பக்க சீல் போய்விட்டது என்று கியர் பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுவார்கள். நூல் பிடித்து மேலே போனால் குற்றவாளி ராக்கர் கவரின் பின் ஓரமாக இருக்கலாம். கியர் பாக்ஸாகவும் இருக்கலாம். விரலில் தொட்டு முகர்ந்தால் தெரியும், கியர் ஆயிலில் கந்தக வாடை அடிக்கும்.

மெக்கானிக் முதலில் செய்தது கழுவல். மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு பல வருஷத்துப் பிசுக்கைச் சுரண்டி எடுத்தார். ஹெரால்டில் முன்பக்கம் முழுதும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து திறக்கும் என்பதால் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இன்றைய கார்களில் கையை நுழைக்கவே இடமில்லை என்பதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. காய்ந்த பிறகு, சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினார். என்ஜினை ஓடவிட்டு, சூடேறியதும் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளைப் பவுடரில் பழுப்புக் கோடு ஒன்று ராக்கர் கவரின் பின் மூலையில் தொடங்கிக் கீழே இறங்கியிருந்தது.

அடுத்து அவர் பேக்கிங்கைத் தொடவில்லை, பிரீதர் குழாயைப் பார்த்தார். எந்த என்ஜினிலும் கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அது வெளியேற வழி இருக்க வேண்டும். வழி அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, இருப்பதிலேயே பலவீனமான பேக்கிங் வழியாக ஆயிலைத் தள்ளும். புதுப் பேக்கிங் போட்டும் நிற்காத கசிவுகளில் பல இந்த வகை. இங்கே குழாய்க்குள் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது.

அப்புறம்தான் ராக்கர் கவர். கழற்றி, ஓரத்தை ஒரு கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்துப் பார்த்தார். நட்டு வரும் இடங்களில் தகடு லேசாகக் குழிந்திருந்தது. மரக்கட்டையை உள்ளே கொடுத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கினார். பேக்கிங் புவனகிரியில் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டைக்கு அலைவதற்குப் பதில் கார்க் ஷீட் வாங்கி, கவரைக் கவிழ்த்து ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, பிளேடால் வெட்டினார். காகிதப் பேக்கிங் என்றால் வரையவே வேண்டாம், ஷீட்டைப் பாகத்தின் மேலேயே வைத்து ஓரத்தில் சுத்தியலின் உருண்டை முனையால் தட்டிக்கொண்டே போனால் அச்சாக வெட்டுப்படும். ஃபியூவல் பம்ப் அடியில் வைக்கும் பேக்கிங்கை அவர் அப்படித்தான் செய்தார். கார்க்கைத் தட்டினால் உதிர்ந்துவிடும்.

கார்க்கைக் கவரில் மட்டும் பசை வைத்து ஒட்டி, சிலிண்டர் ஹெட் பக்கம் வெறுமனே விட்டார். அடுத்த முறை டேப்பட் சரிசெய்யத் திறக்கும்போது பேக்கிங் கிழியாமல் கவரோடு வரும். நட்டுக்கு அடியில் வரும் வாஷர்களும் புதிது. அவற்றின் வழியாகவும் ஆயில் ஏறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. விரலால் திருகி, ஸ்பேனரில் சின்னதாக ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

முன்பக்கத்தில் இன்னொரு வம்பு இருக்கிறது, இந்த என்ஜினுக்கே உரியது. சம்ப்புக்கு மேலே, கிராங்க்கின் முன்முனைக்கு அடியில், ஒரு அலுமினியக் கட்டை. அதன் இரண்டு பக்க இடைவெளியையும் அடைக்கக் கம்பெனிக்காரர்களே மரத்துண்டு வைத்திருக்கிறார்கள்! கேலியில்லை, வெள்ளைக்காரன் டிசைனே அது. அலுமினிய மரை மென்மையானது, கண்மூடித்தனமாக இறுக்கினால் வழித்துக்கொண்டு போய்விடும். இந்த வண்டியில் அங்கே ஈரம் மட்டும்தான் தெரிந்தது. தொடவில்லை.

பின்பக்கமும் அப்படியே. ஆரம்பகால என்ஜின்களில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. கிராங்க் ஷாஃப்டில் மரை போல வெட்டிய சுருள் பள்ளம், சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நின்றுவிட்டால் தடுக்க எதுவும் இல்லை. பின்பக்கம் தாழ்வாக, சரிவில் நிறுத்தினால் இரண்டு சொட்டு விழத்தான் செய்யும். அது பழுதல்ல, அந்த அமைப்பின் சுபாவம். இதில் கியர் பாக்ஸைக் காருக்குள் இருந்து எடுக்க வேண்டும், இருக்கையும் நடுவில் உள்ள மூடியும் கழற்றி. இரண்டு சொட்டுக்காக அதைச் செய்யச் சொல்லும் பட்டறைக்கு வண்டியை விடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, அடியில் ஒரு தட்டு வையுங்கள். வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். மொத்தமே சுமார் 4 லிட்டர்தான் பிடிக்கும், குறைந்தால் சீக்கிரம் தெரியும்.

வண்டலூரில் கார் உற்பத்தி 1988இல் நின்றுபோனது. உங்கள் வீட்டுப் பரணில் ஹெரால்டின் ஒர்க்‌ஷாப் மேனுவலோ பார்ட்ஸ் கேட்டலாக்கோ கிடந்தால், பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.