பூஞ்சைக்கு உருவம் தரும் சமிக்ஞைகள்

புனே நகரத்துப் பாஷாண் சாலையில் 1950-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தில், முகுந்த் தேஷ்பாண்டே முதலிய விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் சிரத்தையோடு ஆராய்ந்த 'பெஞ்ஜமினியெல்லா பாய்ட்ராசி' என்னும் பூஞ்சை, மனிதனுக்கு யாதொரு தீங்கும் செய்யாதது. ஆயினும் 2021-இல் மகாராஷ்டிரத்தைக் கலங்கடித்த கறுப்புப் பூஞ்சையின் வர்க்கத்தையே அதுவும் சேர்ந்ததாகையால், அதன் சுபாவத்தை அறிவது நமக்கு மிகவும் பிரயோஜனமானது.

வெப்பம் 37 டிகிரியாகவும் குளுக்கோஸ் தாராளமாகவும் இருக்கும்வரை அது உருண்டை வடிவில், ஈஸ்ட்டைப் போல மொக்குவிட்டுப் பெருகுகிறது. வெப்பத்தை 28 டிகிரிக்கு இறக்கிக் குளுக்கோஸையும் குறைத்துவிட்டாலோ, ஊறிய பயறு முளைவிடுவதுபோல உருண்டையின் பக்கத்திலிருந்து ஒரு குழல் கிளம்பி, நுனியில் மட்டும் வளர்ந்து வளர்ந்து, நீண்ட இழையாகிவிடுகிறது.

நரம்போ புலனோ இல்லாத இவ்வுயிருக்குள் வெளியுலகின் நிலையை எடுத்துச் செல்பவை 'சைக்ளிக் ஏ.எம்.பி.' போன்ற நுண்ணிய மூலக்கூறுகளே. மியூக்கர் என்னும் பூஞ்சை இனத்தில் சைக்ளிக் ஏ.எம்.பி. மிகுந்தால் ஈஸ்ட் உருவம் நிலைக்கிறது. நம் வாயிலும் குடலிலும் குடியிருக்கும் கேண்டிடா என்னும் பூஞ்சையிலோ, இதே பொருள் பெருகினால்தான் இழை புறப்படுகிறது என்பது எத்தனை முறை எண்ணினாலும் ஆச்சரியம் குறையாத விஷயம். அந்தக் கேண்டிடா, தன் கூட்டம் நெருக்கமாகும்போது ஃபார்னிசால் என்ற பொருளைக் கசியவிட்டு இழை வளர்ச்சியைத் தானே தடுத்துக்கொள்வதும் 2001-இல் வெளியாயிற்று.

புனே விஞ்ஞானிகள் கண்டது வேறொரு சூட்சுமம். குளுட்டமேட் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதியின் இரு வகைகளுக்கிடையே உள்ள விகிதத்திற்கும், பெஞ்ஜமினியெல்லாவின் உருவத்திற்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டென்று அவர்கள் 1992-இல் எழுதினார்கள். அந்நொதியை முடக்கும் பொருள்கள் உருமாற்றத்தையும் முடக்கின என்பது பின்னர் தெரியவந்தது.

கறுப்புப் பூஞ்சைக்குக் கொடுக்கப்படும் ஆம்ஃபோடெரிசின் என்னும் மருந்து, பூஞ்சையின் சவ்வைத் துளைத்துக் கொல்லும்போது நோயாளியின் சிறுநீரகத்தையும் வருத்துவதால், கொல்லாமலே உருமாற்றத்தைத் தடுத்து நோயை அடக்கும் மார்க்கத்தை நாடும் இவ்வகை ஆராய்ச்சிக்கு அரசு கைதாராளமாக உதவவேண்டும் என்பதே என் துணிபு.

வயலிலோ விவகாரம் நேர்மாறானது. துவரையின் காய்ப்புழுவை அழிக்க இதே ஆய்வுக்கூடத்தார் பரிசோதித்த மெட்டாரைசியம் என்னும் பூஞ்சை, புழுவின் தோலைத் துளைத்து உட்புகுந்தபின் இழை வடிவைவிட்டு ஈஸ்ட் போன்ற அணுக்களாகிப் பரவுகிறது; அங்கே அந்த உருமாற்றம் தவறாமல் நிகழ்ந்தால்தான் உழவனுக்குப் பயிர் மிஞ்சும்.