பல நாடுகள் கூடி இழுக்கும் தேர்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. கலைக்குத் திறமை வேண்டும், பயிற்சி வேண்டும், சுவைக்கும் மக்கள் வேண்டும், இவற்றோடு பொருளும் வேண்டும். பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்று மொழி பேசுவோர் நடுவே வாழ்ந்து, சந்தா திரட்டி ஆண்டு விழா நடத்தும் நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேடை வாடகை, பந்தல் செலவு, பாடகருக்கான இரயில் கட்டணம் ஆகிய மூன்றையும் கூட்டிப் பார்த்த எவரும், கலை தானே வளரும் என்று சொல்லத் துணியமாட்டார்.

ஐரோப்பாக் கண்டத்தில் இவ்வகையில் ஒரு பெரு முயற்சி நடைபெற்று வருகிறது. பல நாடுகளைச் சேர்ந்த கலைஞர்களும், நாடகம், இசை, திரைப்படம், நூல் வெளியீடு, அருங்காட்சியகம் எனப் பல துறைகளைச் சேர்ந்தவர்களும் ஒன்றுகூடிச் செய்யும் பணிகளுக்குப் பொதுப் பணத்திலிருந்து உதவி வழங்கப்படுகிறது. அது தோன்றிய வரலாற்றையும், அது நடைபெறும் முறையையும், அதிலுள்ள இடர்களையும் நம் வாசகர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நிலக்கரிக்குப் பின் வந்த கலை

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின், மீண்டும் ஒரு போர் மூளாதிருக்க வழி தேடிய ஐரோப்பிய அறிஞர்கள் முதலில் நிலக்கரியையும் எஃகையும் பொதுவாக்கினர். 1951-ஆம் ஆண்டு ஆறு நாடுகள் அதற்கென ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. அம்முயற்சிக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் பிரெஞ்சு நாட்டு அமைச்சராயிருந்த ராபர்ட் ஷூமான். ஆனால் சுரங்கமும் ஆலையும் மட்டும் மனிதரை மனத்தால் இணைத்துவிடா என்பதை அவரும் உணர்ந்திருந்தார். 1954-இல் சுவிட்சர்லாந்து எழுத்தாளர் டெனி டி ரூழ்மோன் முன்னின்று ஜெனீவா நகரில் ஐரோப்பியப் பண்பாட்டு அறநிலையத்தைத் தொடங்கியபோது, ஷூமானே அதன் முதல் தலைவரானார். 1960-இல் அது ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் பெயர்ந்தது. நெதர்லாந்து நாட்டு லாட்டரி வருவாயில் ஒரு பங்கு அதற்குக் கிடைத்து வந்தது என்பது சுவையான செய்தி. பரிசுச் சீட்டு வாங்கியவன் தோற்றாலும் அவன் காசில் ஒரு சிறு பகுதி கலைக்குப் போய்ச் சேர்ந்தது!

ஆயினும் அரசாங்கங்கள் கூடி அமைத்த ஐரோப்பியச் சமூகத்துக்குப் பண்பாட்டில் தலையிட நெடுங்காலம் சட்டப்படி இடமில்லை. தத்தம் மொழியும் கலையும் தத்தம் வீட்டுக் காரியம் என்றே ஒவ்வொரு நாடும் கருதியது. இத்தடையைச் சற்று நெகிழ்த்தியவர் கிரேக்க நாட்டு நடிகை மெலினா மெர்குரி. 1981-இல் அந்நாட்டின் பண்பாட்டு அமைச்சரான அவர், ஆண்டுதோறும் ஒரு நகரை ஐரோப்பாவின் பண்பாட்டுத் தலைநகராகக் கொண்டாட வேண்டும் என்று தம்மை ஒத்த அமைச்சர்களிடம் எடுத்துரைத்தார். 1985-இல் ஏதென்ஸ் நகரம் முதற்சிறப்பைப் பெற்றது. இன்று அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெறும் நகருக்கு அவர் பெயரால் வழங்கும் பரிசு 15 லட்சம் யூரோ.

1992-இல் மாஸ்டிரிக்ட் நகரில் கையொப்பமான உடன்படிக்கைதான் பண்பாட்டுக்கென ஒரு தனிப் பிரிவை முதன்முதலாக வகுத்தது. அப்பிரிவில் நுட்பமான ஓர் எல்லைக்கோடும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் கலைக்கு ஊக்கமளிக்கலாம், துணை நிற்கலாம். உறுப்பு நாடுகளின் பண்பாட்டுச் சட்டங்களை ஒரே அச்சில் வார்க்கக்கூடாது. தேரை இழுக்கக் கயிறு கொடுக்கலாம், தெய்வம் எது என்று சொல்லக்கூடாது என்பது போன்ற ஏற்பாடு இது.

244 கோடி யூரோ

திரைப்படத் துறைக்கு 1991 முதலே ‘மீடியா’ என்ற பெயரில் உதவி இருந்தது. பிற கலைகளுக்குச் சிறு சிறு திட்டங்கள் தோன்றி, 2000-இல் ‘கல்ச்சர் 2000’ என்ற ஒரே திட்டத்தில் அடங்கின. அதன்பின் 2007 முதல் 2013 வரை நடந்த திட்டத்துக்கு ஒதுக்கியது 40 கோடி யூரோ. 2014-இல் திரைப்பட உதவியையும் பிற கலைகளுக்கான உதவியையும் ஒரே கூரையின்கீழ் கொணர்ந்து ‘கிரியேட்டிவ் யூரோப்’ என்று பெயரிட்டனர். படைக்கும் ஐரோப்பா என்று நாம் அதைத் தமிழில் வழங்கலாம். 2020 வரை அதற்கு 146 கோடி யூரோ. 2021 முதல் 2027 வரையிலான ஏழாண்டுகளுக்கு ஏறத்தாழ 244 கோடி யூரோ.

கேட்பதற்குப் பெருந்தொகையாகவே தோன்றும். ஆனால் ஒன்றியத்தின் ஏழாண்டு வரவு செலவுத் திட்டத்தோடு ஒப்பிட்டால், ஆயிரம் ரூபாயில் இரண்டு ரூபாய் என்ற அளவே வரும். அவ்விரண்டு ரூபாயையும் மூன்று பங்காகப் பிரிக்கின்றனர். நூற்றுக்கு 58-க்குக் குறையாமல் திரைப்படம் சார்ந்த துறைக்கு. 33-க்குக் குறையாமல் இசை, நாடகம், இலக்கியம், கட்டடக்கலை முதலியவற்றுக்கு. 9-க்கு மேற்படாமல் துறைகளுக்கிடையேயான பணிகளுக்கு. இம்மூன்றாம் பங்கிலிருந்து, திரைப்படத் துறையினர் வேறொரு கலைத்துறையினரோடு கைகோத்துப் புதுமுறைகளைச் சோதித்துப் பார்க்கவும், செய்தித்தாள்கள் நிலைபெறவும் உதவுகின்றனர்.

கலையும் விஞ்ஞானமும் கூடும் இடங்களுக்கு வேறு வாயில்களும் உண்டு. 2016 முதல் விஞ்ஞானம், தொழில்நுட்பம், கலை ஆகிய மூன்றும் இணைந்த ஆக்கங்களுக்கு ஐரோப்பிய ஆணையம் பரிசு வழங்கிவருகிறது. நிலமோ கட்டடமோ ஈடு காட்ட இயலாத சிறு பதிப்பகங்களுக்கும் நாடகக் கம்பெனிகளுக்கும் வங்கிகள் கடன் தரத் தயங்குமல்லவா? அத்தயக்கத்தைப் போக்க அதே ஆண்டு 12 கோடியே 10 லட்சம் யூரோவைப் பிணை நிதியாக ஒதுக்கினர்.

ஒருவராய் வந்தால் கதவு திறவாது

கூட்டுப் பணிகளுக்கான உதவியின் முதல் விதி, ஒரே நாட்டார் தனித்து விண்ணப்பிக்கலாகாது என்பது. சிறு திட்டமானால் குறைந்தது மூன்று நாடுகளிலிருந்து மூன்று அமைப்புகள் சேர வேண்டும். 2 லட்சம் யூரோ வரை கிடைக்கும். நடுத்தரத் திட்டத்துக்கு ஐந்து நாடுகள், 10 லட்சம். பெருந்திட்டத்துக்குப் பத்து நாடுகள், 20 லட்சம். நான்கு ஆண்டுகளுக்குள் பணி முடிய வேண்டும்.

இரண்டாம் விதி, முழுச் செலவையும் ஒன்றியம் ஏற்காது என்பது. சிறு திட்டத்தில் நூற்றுக்கு 80, நடுத்தரத்தில் 70, பெருந்திட்டத்தில் 60 வரையே தரும். எஞ்சியதைப் பங்காளிகள் தாமே கொணர வேண்டும்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். போர்ச்சுகல் நாட்டுப் பொம்மலாட்டக் குழு ஒன்றும், லிதுவேனியா நாட்டு இசைக்குழு ஒன்றும், ஸ்லொவேனியா நாட்டு நூலகம் ஒன்றும் கூடிக் குழந்தைகளுக்கான கதைகளை மூன்று மொழிகளில் ஆடிக்காட்ட எண்ணுவதாகக் கொள்வோம். மொத்தச் செலவு 2½ லட்சம் யூரோ என்றால் ஒன்றியம் தருவது 2 லட்சம். மீதி 50,000 யூரோவை மூவரும் திரட்ட வேண்டும். மூவருள் ஒருவர் தலைமை தாங்கிக் கையொப்பமிட வேண்டும். பிரஸ்ஸல்ஸ் நகரிலுள்ள நிர்வாக அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்ப வேண்டும். வெளியிலிருந்து அமர்த்தப்படும் வல்லுநர்கள் அதைப் படித்து, பரீட்சைத் தாளுக்குப் போல மதிப்பெண் இடுவர். வென்றால் ஒரு பகுதி முன்பணம். கணக்கும் அறிக்கையும் ஒப்புக்கொள்ளப்பட்ட பின்னரே எஞ்சிய பகுதி. இடைப்பட்ட காலத்தில் கூலியும் வாடகையும் கொடுக்கக் கையிருப்பு வேண்டும்.

ஏழைக் குழுக்களுக்குப் பெருந்தடையாக நிற்பது இதுவே. கூத்து ஆடத் தெரிந்தவர்க்கு விண்ணப்பம் எழுதத் தெரியாது. விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எல்லாருக்கும் கூத்துத் தெரியும் என்று சொல்வதற்கில்லை. இதனை ஒன்றியமும் அறிந்தேயிருக்கிறது. முன்னைய திட்டத்தில் சிறு முயற்சிகளுக்கு நூற்றுக்கு 60 மட்டுமே தந்ததை, 2021 முதல் 80 ஆக உயர்த்தியது. ஒவ்வொரு நாட்டிலும் அந்நாட்டு மொழியிலேயே ஆலோசனை கூற ஓர் அலுவலகம் இருக்கிறது.

ஓர் இசைக்குழு பட்ட பாடு

இம்முறையின் நன்மையும் குறையும் ஒருங்கே தெரிவது ஐரோப்பிய ஒன்றிய இளைஞர் இசைக்குழுவின் வரலாற்றில். 1976-இல் உருவான இக்குழு, உறுப்பு நாடுகளிலிருந்தெல்லாம் இளம் வாத்தியக் கலைஞர்களைத் தேர்ந்து ஒரே மேடையில் அமர்த்துவது. புகழ்பெற்ற இத்தாலிய இசை நடத்துநர் கிளாடியோ அப்பாடோ அதன் முதல் இசை இயக்குநர். பல ஆண்டுகள் அது லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தது.

2014-இல் உதவி முறை மாறியது. நிலையாக இயங்கும் அமைப்புகளுக்கு ஆண்டுச் செலவுக்கென மானியம் தரும் வழக்கம் குறைந்து, குறித்த காலத்தில் குறித்த பணியை முடிப்போர்க்கே உதவி என்றாயிற்று. ஆண்டுதோறும் இளைஞரைச் சேர்த்துப் பயிற்றுவதே தன் பணியாகக் கொண்ட இசைக்குழு இவ்வச்சில் பொருந்தவில்லை. அதன் விண்ணப்பம் தேறவில்லை. 2016 மே மாதம், செப்டம்பரோடு குழுவைக் கலைத்துவிடப் போவதாக அறிவிப்பு வந்தது. ஐரோப்பாவின் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு என்று எல்லாரும் போற்றிய குழுவுக்கு ஐரோப்பிய நிதியிலேயே இடமில்லாமற் போனது!

இசைவாணர்களும் பழைய மாணவர்களும் குரல் எழுப்பினர். சில வாரங்களில் ஆணையத்தின் தலைவர் ழான்-குளோது யுங்கர் தலையிட்டு வழி கண்டார். பின்னர் 2018-இல் சட்டத்தையே திருத்தி அக்குழுவுக்கு நேரே உதவ ஏற்பாடு செய்தனர். அதற்குள் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்திருந்தது. குழுவும் லண்டனை விட்டு இத்தாலியின் பெர்ராரா நகருக்குக் குடிபெயர்ந்தது. 2021 முதல் பிரிட்டன் இந்நிதித் திட்டத்தில் பங்கு கொள்ளவில்லை. கலைஞர்கள் எவரும் பகைத்துக்கொள்ளவில்லை. ஆயினும் அரசியல் கயிறு அறுந்தபோது கலைக்கயிறும் அறுந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது ஒன்று. நாடகம் ஒன்று அரங்கேறினால் முடிந்துவிடும். பயிற்சிக் கூடம், நூலகம், இசைக்குழு போன்றவை முடிவதற்காகத் தோன்றியவை அல்ல. முன்னதற்கு ஏற்ற அளவுகோலைப் பின்னதற்கு இட்டால், நன்கு வாழும் மரத்தையும் ‘ஏன் இன்னும் அறுவடை ஆகவில்லை’ என்று கேட்பதாகிவிடும்.

சிறு மொழிகளின் பங்கு

ஒன்றியத்தின் ஆட்சிமொழிகள் 24. அவற்றுள் எஸ்தோனிய மொழி பேசுவோர் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவரே. மால்டா மொழி பேசுவோர் இன்னும் குறைவு. இம்மொழிகளில் எழுதப்படும் நல்ல கதை ஒன்று எல்லை கடந்து செல்ல, சந்தை மட்டும் வழி விடாது. வாங்குவோர் தொகை சிறியது. ஆகவே பதிப்பகத்தார் பிறமொழி இலக்கியத்தைப் பெயர்த்து வெளியிட இத்திட்டத்தின்கீழ் உதவி பெறுகின்றனர். 2009 முதல் ஐரோப்பிய ஒன்றிய இலக்கியப் பரிசும் வழங்கப்பட்டுவருகிறது. தாய்மொழியைப் பிறமொழி நடுவே வைத்துக் காக்கும் நம் போன்றோர் இப்பகுதியைக் கருத்தூன்றிப் படிக்க வேண்டும். ஒரு மொழியின் வாழ்வு அதைப் பேசுவோர் தொகையில் மட்டும் இல்லை. அதைப் பிறர் படிக்க வழி செய்வதிலும் இருக்கிறது.

இனி வருவது

2028 முதலான ஏழாண்டுகளுக்கான ஏற்பாட்டை ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. கலைக்கான நிதியையும், குடிமக்கள் உரிமைகளுக்கான நிதியையும் ‘அகோரா’ என்னும் கிரேக்கச் சொல்லால் அமைந்த ஒரே திட்டத்தில் இணைப்பது அதன் கருத்து. அகோரா என்பது பண்டைக் கிரேக்கர் கூடிப் பேசிய பொதுச் சதுக்கம். பெரிய கூரையின்கீழ் நிதி பெருகலாம் என்பது ஒரு கட்சி; பெரியவற்றின் நிழலில் கலை சிறுத்துப்போகலாம் என்பது மறுகட்சி. இசைக்குழுவின் கதையை அறிந்தோர், தொகையை மட்டும் நோக்காமல் விதிகளையும் கூர்ந்து நோக்குவர்.

நம் நாட்டிலும் பல மாநிலக் கலைகளை இணைக்க 1980-களின் நடுவில் ஏழு வட்டாரப் பண்பாட்டு மையங்கள் ஏற்பட்டன. தென்னகத்துக்குரியது தஞ்சையில் இருக்கிறது. ஐரோப்பிய முறையிலிருந்து சங்கங்கள் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பக்கத்துத் தெருவில் வங்காளியர் சங்கமோ, மராட்டியர் நாடக மன்றமோ, கேரள சமாஜமோ இருக்கக்கூடும். ஒவ்வொருவரும் தனித்தனியே மேடை வாடகை கொடுப்பதைக் காட்டிலும், மூவர் கூடி ஒரு விழா எடுத்தால் செலவு பங்காகும். சுவைப்போர் தொகை மும்மடங்காகும். நம் பிள்ளைகள் அவர்கள் பாட்டையும், அவர்கள் பிள்ளைகள் நம் பாட்டையும் கேட்பர். அதற்கு 20 லட்சம் யூரோ வேண்டாம். யார் எவ்வளவு பொறுப்பேற்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் ஒழுங்கும், கணக்கை ஒளிவின்றிக் காட்டும் நேர்மையும் போதும்.

தேர் நகரப் பல கைகள் வேண்டும். அது நிலைக்கு வந்து சேர, வடம் பிடித்தவர் யாவரும் ஒரே திசையில் இழுக்கவும் வேண்டும். ஐரோப்பியர் இவ்விரண்டையும் பணம் கொடுத்தும், சில வேளை பட்டறிந்தும் கற்று வருகின்றனர்.