பயிர் ரகமும் பூச்சியின் வளர்ச்சியும்

தில்லி மயூர் விஹாரை அடுத்த யமுனைத் தாழ்நிலத்தில் நெடுங்காலமாகக் காய்கறிகள் பயிராகி வந்திருக்கின்றன. வெள்ளம் விட்டுச் செல்லும் வண்டலில் கத்தரியும் வெண்டையும் செழிக்கும். அவற்றுடன் பூச்சிகளும் பெருகும். பூச்சியைக் கண்டதும் மருந்து தெளிப்பதே பலருடைய வழக்கம். ஆயின், ஒரே பூச்சி எல்லா ரகங்களிலும் ஒரே விதமாக உண்டு வளர்வதில்லை என்பதை அறிந்தோர் செலவையும் நஞ்சையும் ஒருங்கே குறைக்கலாம்.

கத்தரியின் தண்டு, காய்த் துளைப்பானை எடுத்துக்கொள்வோம். தாய் அந்துப்பூச்சி இலையின் அடியிலும் மொட்டிலும் முட்டைகளைத் தனித்தனியே இடும். பொரித்த புழு இளந்தண்டைக் குடையும்; நுனி வாடித் தொங்கும். காய் பிடித்தபின் அதனுள் புகுந்து, துளையைக் கழிவால் அடைத்துவிடும். உள்ளிருக்கும் புழுவை மருந்து எட்டுவதில்லை. வளர்ந்த புழு வெளியேறி, சருகுகளிடையே கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் அந்துப்பூச்சி வரை, பருவத்திற்கேற்ப, ஏறத்தாழ 3 முதல் 6 வாரங்கள் ஆகும்.

பொதுவாக, பெரிய உருண்டைக் காய்களைவிட நீண்டு மெலிந்த காய்களில் சேதம் குறைவு. விதைகள் நெருங்கிய சதையையும் இறுகிய தண்டையும் இளம்புழு துளைப்பது கடினம். எனினும், முற்றிலும் தப்பும் சாகுபடி ரகம் அரிது.

வெண்டையில் தத்துப்பூச்சி இலையின் அடியிலிருந்து சாற்றை உறிஞ்சும். இலை விளிம்பு மஞ்சளித்து மேல்நோக்கிச் சுருளும். இப்பூச்சி நரம்பினுள் முட்டையிடுவதால், நரம்புகளில் அடர்ந்த சுணையுள்ள ரகங்கள் அதற்கு இடையூறாகின்றன.

அமெரிக்க அறிஞர் பெயின்டர் 1951-இல் வெளியிட்ட நூலில் இத்தகைய எதிர்ப்பை மூவகையாகப் பகுத்தார்: பூச்சி விரும்பாமை, உண்ட பூச்சியின் வளர்ச்சி குன்றுதல், சேதத்தைத் தாங்கியும் பயிர் விளைதல்.

எதிர்ப்புத் திறன் நிலையான சொத்தன்று. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தில் 1950-களில் உருவான 'பூசா சவானி' வெண்டை, வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தொடக்கத்தில் எதிர்த்து நின்றது. நாடெங்கும் பரவிய அந்த ரகம் பின்னர் அந்நோய்க்கே இரையாயிற்று. ஆதலின், பெயர்பெற்ற ரகமாயினும் ஆண்டுதோறும் கவனித்தல் வேண்டும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் ஓர் எளிய சோதனை செய்யலாம். இரு கத்தரி ரகங்களை ஒரே நாளில், ஒரே உரமிட்டு, அடுத்தடுத்த பாத்திகளில் நடுக. வாரந்தோறும் ஒவ்வொன்றிலும் 10 செடிகளில் வாடிய நுனிகளை எண்ணுக. பறிக்கும்போது நல்ல காய்களையும் துளையுண்டவற்றையும் பிரித்து எண்ணிக் குறிக்க. மாணவர், துளையுண்ட காய்களை மெல்லிய துணி கட்டிய கலத்தில் வைத்து, எந்த ரகத்துப் புழு எத்தனை நாளில் கூடு கட்டுகிறது என்பதை ஒப்பிடலாம். எண்ணி முடிந்த நுனிகளையும் காய்களையும் வரப்பில் எறியாது அழித்துவிடுக. அங்கு விட்ட புழுவே அடுத்த தலைமுறைக்கு வித்தாகும்.