கேட்கப்படாத சாட்சியமும் மேன்முறையீடும்

விளக்கத்தின்போது நீதிபதி ஒரு பிழை விட்டுவிட்டார் என்று மேன்முறையீட்டில் காட்டிவிட்டால் எதிரிக்கு விடுதலைதான் என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 167ஆம் பிரிவைப் பாருங்கள். ஏற்கக்கூடாத சான்றை ஏற்றதோ, ஏற்கவேண்டிய சான்றைத் தள்ளியதோ தன்னளவில் தீர்ப்பைப் புரட்டப் போதாது. பிழையாக ஏற்றதை நீக்கிய பிறகும் மிச்சச் சான்று போதுமா? தள்ளியதைச் சேர்த்திருந்தாலும் தீர்ப்பு மாறாமல் இருந்திருக்குமா? 'ஆம்' என்றால் தீர்ப்பு நிற்கும். கட்சிக்காரரின் முக்கிய உரிமைகளைப் பாதிக்காத, நீதி தவறச் செய்யாத வழுவுக்காக எந்தத் தீர்ப்பையும் மாற்றலாகாது என்று 1978 அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரையும் சொல்கிறது.

இந்த விதியில் நியாயம் இல்லாமலில்லை. மாதக்கணக்கில் நடக்கும் வழக்கில் ஒரு பிழையும் நேராதென்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பைக் கிழித்துப்போட்டால் எந்த வழக்கும் முடியாது.

ஆனால் அந்தப் பிரிவின் இரண்டு பாதிகளும் ஒரே கனமுள்ளவை அல்ல. பிழையான விடைக்குக் கொடுத்த புள்ளியைக் கழிப்பது எங்களைப்போன்ற ஆசிரியர்களுக்குச் சுலபமான வேலை. விடைத்தாளில் ஒரு பக்கமே காணாமல் போயிருந்தால் அதற்கு எத்தனை புள்ளி போடுவது? பிழையாக ஏற்ற சான்று பதிவேட்டில் கிடக்கிறது, எடுத்துவிட்டு எடைபோடலாம். தள்ளப்பட்ட சான்றோ ஒருவர் காதிலும் விழாதது. அது விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேன்முறை நீதியரசர்கள் கற்பனை செய்யவேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு மலாயா வழக்கு நல்ல உதாரணம். 1955 ஏப்ரலில், அவசரகாலம் நடந்துகொண்டிருந்தபோது, ஜொகூர் மாநிலத்தின் ரெங்கம் பகுதியில் சுப்பிரமணியம் என்ற ஒருவரைக் காயத்தோடு பாதுகாப்புப் படையினர் பிடித்தார்கள். இடுப்பு வாரில் இருபது துப்பாக்கி ரவைகள். கையில் ஆயுதம் இல்லை. ஆனால் ரவை வைத்திருந்தாலே மரண தண்டனை என்பதுதான் அன்றைய அவசரகால விதி.

அவர் சொன்ன பதில் இதுதான்: கெரில்லாக்கள் தன்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்களுடைய பயமுறுத்தலால்தான் கூடவே இருந்தேன். உடனடி மரணம் வரும் என்று நியாயமாகப் பயந்து செய்த செயலை மலாயாவின் தண்டனைச் சட்டக்கோவை மன்னிக்கும். அப்படியானால் அவர்கள் என்ன சொல்லிப் பயமுறுத்தினார்கள் என்பதுதானே எதிர்வாதத்தின் உயிர்? அதைச் சொல்ல வாயெடுத்தபோது நீதிபதி தடுத்துவிட்டார். அது கேள்விச் சான்று, சொன்னவர்களையே சாட்சியாக அழைத்தாலொழிய ஏற்க முடியாதென்றார். காட்டுக்குள்ளிருக்கும் கெரில்லாக்களை யார் போய் அழைப்பது! மரண தண்டனை விதிக்கப்பட்டது. மலாயாவின் மேன்முறையீட்டு நீதிமன்றமும் கைவிட்டது.

வழக்கு லண்டனிலிருந்த கோமறைக் கழகத்துக்கு, அதாவது பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1956இல் அதன் தீர்ப்பை வழங்கியவர் நமது நாட்டவரான எல். எம். டி. டி சில்வா. பிறர் சொன்னதைச் சாட்சி திருப்பிச் சொல்வதெல்லாம் கேள்விச் சான்றாகிவிடாது என்றார் அவர். சொன்ன விஷயம் உண்மை என்று காட்டக் கொண்டுவந்தால் அது கேள்விச் சான்று. அப்படிச் சொல்லப்பட்டது என்பதை மட்டும் காட்டக் கொண்டுவந்தால் அல்ல.

தமிழ் படிப்பிக்கிறவனுக்கு இது புதிய வேறுபாடாகத் தெரியவில்லை. "அவன் களவெடுத்தானாம்" என்பதில் வரும் 'ஆம்', நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னது, பொறுப்பு எனக்கில்லை என்கிறது. "'ஓடினால் சுடுவேன்' என்று என்னிடம் சொன்னான்" என்பதில் அந்த 'ஆம்' இல்லை. சொன்னதைக் காதால் கேட்டவரே நம் முன்னால் நிற்கிறார். அவன் உண்மையிலேயே சுட்டிருப்பானா என்பதல்ல கேள்வி, கேட்டவர் மனத்தில் என்ன பயம் பிறந்தது என்பதுதான்.

சட்டம் படிப்பவர்கள் இந்த வழக்கைக் கேள்விச் சான்றுக்காகத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். எனக்கு அதன் மறுபாதிதான் பெரிதாகப் படுகிறது. நீதிபதி விட்டது பிழை என்று முடிவான பிறகும், அந்தப் பிழையால் தீங்கு நேர்ந்ததா என்ற கேள்வி மிஞ்சியிருந்தது. ரவைகள் இடுப்பில் இருந்தது உண்மை, மற்றச் சான்றே போதும் என்று கைகழுவியிருக்கலாம். டி சில்வா அப்படிச் செய்யவில்லை. தள்ளப்பட்டது எதிர்வாதத்தின் வேரையே தொடும் சான்று. முழுக் கதையையும் கேட்டிருந்தால்தான் அதை நம்புவதா விடுவதா என்று விளங்கியவர்கள் சரியாகத் தீர்மானித்திருக்க முடியும். கேட்டிருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று நம்பிக்கையோடு சொல்ல முடியாதென்று குற்றத்தீர்ப்பு நீக்கப்பட்டது. சுப்பிரமணியம் சொன்னது உண்மை என்று கழகம் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவேணும். சொல்ல விட்டிருக்க வேண்டும் என்றுதான் சொன்னது.

எல்லாத் தடுப்பும் இந்த அளவுக்குப் போகாது. ஐந்து பேர் சொல்லிவிட்ட ஒன்றை ஆறாவது ஆள் சொல்ல விடாததால் யாருடைய தலையும் போய்விடப்போவதில்லை. எதிர்வாதம் முழுக்க ஒரு வாயைத்தான் நம்பியிருக்கிறது, அந்த வாயைத்தான் அடைத்தார்கள் என்றால் கதை வேறு. இலங்கை, இந்தியா, மலாயா மூன்றின் சான்றுச் சட்டங்களும் 1872இல் இந்தியாவுக்கென்று ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய மூலத்திலிருந்து வந்தவை. ஆகையால் அந்தத் தர்க்கம் நமக்கு அந்நியமில்லை.

நடைமுறையில் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. சாட்சியை நீதிபதி தடுத்தால் சட்டத்தரணி "சரி கனம் நீதிபதி அவர்களே" என்று உட்கார்ந்துவிடக்கூடாது. இந்தச் சாட்சி இன்னதைச் சொல்லவிருந்தார், அது இன்ன விடயத்தை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்று அந்த இடத்திலேயே பதிவேட்டில் ஏற்றுவித்துக்கொள்ள வேண்டும். பல வருடங்கள் கழித்து வழக்கேட்டைப் புரட்டப்போகும் நீதியரசர்கள் அந்தச் சாட்சியின் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. அவர்கள் கையில் கிடைப்பது அந்தக் குறிப்பு மட்டும்தான்.